காது எட்டுன தேதி

ஏல பேராண்டி, அந்தக் கம்ப்யூட்டர மூடித் திண்ணையில வச்சிட்டு இப்படி வந்து உக்காரு. காலையிலிருந்து பாக்கேன். கட்டம் கட்டமா வரைஞ்சு, கட்டத்துக்குள்ள ஒரு பேரு, பேருக்குக் கீழ ஒரு தேதின்னு நிரப்பிக்கிட்டே வாரே. வம்சாவளியாம். நல்ல காரியந்தான். உங்கப்பன் செய்யல, அவனுக்கு நேரம் இல்ல. நான் செய்யல, எனக்கு நேரம் நெறைய இருந்தது, அதனால செய்யல. நீயாவது செய்யுதே.

ஆனா ஒரு சங்கதி. நேத்து ராத்திரி நீ ஒறங்குன பொறவு கண்ணாடியப் போட்டுக்கிட்டு, நீ அச்சடிச்சு வச்சிருந்த தாளை எடுத்துப் பாத்தேன். நம்ம குடும்பத்துல பதினோரு பேரு சனவரி ஒண்ணாந்தேதி பொறந்திருக்காக. எங்க அய்யா, எங்க தாத்தா, எங்க ஆச்சி, கொழும்புக்குப் போன சின்னத் தாத்தா, எல்லாருக்கும் வெள்ளைக்காரன் புதுவருசத்தன்னைக்கே தொப்புள்கொடி அறுத்திருக்கு. அந்தக் காலத்து மருத்துவச்சிக்கு வருசத்துல ஒருநாள்தான் வேலை போலுக்கு. மிச்ச நாளெல்லாம் வெத்தலை மென்னுக்கிட்டுக் கெடந்திருப்பா.

கேட்டா, "வருசம் மட்டுந்தான் தெரியும் தாத்தா, தேதியும் மாசமும் போடாட்டா அந்தக் கட்டம் ஏத்துக்க மாட்டேங்கு" ங்க. செருப்புக்குத் தக்கன காலை வெட்டுத கதையால்லா இருக்கு இது. தேதி இல்லாத கட்டம் ஊமைச் சாட்சி மாதிரி, அதனால ஒரு கேசும் தோத்ததில்ல. நீ போட்டுருக்கது பொய்ச்சாட்சி. நாளைக்கு உன் பேரன் வந்து, "ஓட்டன் சரியா சனவரி ஒண்ணுல பொறந்திருக்காரு, ஏட்டுல இருக்கு"ன்னு சத்தியம் பண்ணுவான்.

என் கதையையே எடுத்துக்கோ. பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டுப்படி நான் 1946 சூன் ஒண்ணாந்தேதி பொறந்தவன். எப்படித் தெரியுமா? 1951-ல பள்ளிக்கூடம் தெறந்தன்னைக்கு எங்க அய்யா என்னையும் எங்க அண்ணனையும் ஒண்ணாக் கூட்டிட்டுப் போனாரு. பெரிய வாத்தியாரு என்னைப் பாத்து, "வலது கையத் தலைக்கு மேல கொண்டுபோயி இடது காதத் தொடுல"ன்னாரு. எனக்குக் கை சித்த நீளம், குரங்குக் கை. லபக்குன்னு காதப் பிடிச்சிட்டேன். அஞ்சு வயசு முடிஞ்சிட்டுன்னு எழுதிட்டாரு. என்னைக்கு முடிஞ்சது? இன்னைக்கு. அப்ப பொறந்தது அஞ்சு வருசத்துக்கு முந்தி இதே சூன் ஒண்ணு. கணக்கு தீந்தது. உள்ளபடி எனக்கு அன்னைக்கு வயசு நாலு.

அண்ணனுக்கு ஆறு வயசு. ஆனா அவனுக்குத் தலை பெருசு, கை குட்டை. முக்கி முக்கிப் பாத்தான், காது எட்டல. வலது கையால மண்டையச் சொறிஞ்சுக்கிட்டு நின்னான். அய்யா, "சாமி, இவன்தான் மூத்தவன், இவனை வெளிய நிறுத்திராதீக"ன்னு கெஞ்சுனாரு. வாத்தியாரு மனசு எளகி, "சரி, மூத்தவன்னே போட்டுக்கிடுதேன்"னு அவனுக்கு அதே 1946-ல மார்ச் ஒண்ணுன்னு எழுதிக் குடுத்துட்டாரு. இன்னை வரைக்கும் அரசாங்க ஏட்டுல எங்க அம்மா மூணு மாச இடைவெளியில ரெண்டு பிள்ளை பெத்தவ. நீ அந்த ரெண்டு தேதியையும் பக்கத்துப் பக்கத்துல எறக்கி வச்சிருக்கியே, கண்ணுல படலியா? நம்ம தொழுவத்து ஆட்டுக்கே அஞ்சு மாசம் ஆகும்ல.

சூன் ஒண்ணு, மே பதினஞ்சுன்னு பழைய ஆளுக தேதியப் பாத்தா, அவுக பள்ளிக்கூடம் போன நாளோட நெழலு அதுல விழுந்திருக்குன்னு வச்சிக்கோ. அதுக்காகத் தூக்கிக் குப்பையில போட்டுராத. "பள்ளிக்கூடச் சான்றுப்படி"ன்னு எழுதி ஓரமா வையி. 1951 சூன்ல நான் உசுரோட இருந்தேன், காது எட்டுச்சுங்கதுக்காவது அது ஆதாரந்தானே.

அப்ப நான் பொறந்தது எப்பன்னு கேக்க. எங்க அம்மாவுக்கு இங்கிலீசு மாசமும் தெரியாது, கடியாரமும் தெரியாது. ஆனா, "காந்தி செத்த சேதி வந்தன்னைக்கு நீ தவந்துபோயி அடுப்புச் சாம்பல அள்ளித் தின்னுக்கிட்டு இருந்தே, ஊரே அழுவுது, நான் உன் வாயக் கழுவுதேன்"ம்பா. காந்திய சுட்டது 1948 சனவரி 30. தவழுத பிள்ளைக்கு எட்டுலேருந்து பத்து மாசம் இருக்கும். பின்னால எண்ணிக்கிட்டே போ, 1947 மார்ச்சுக்கும் மே மாசத்துக்கும் நடுவுல வந்து நிக்கும். இன்னொண்ணும் சொல்லுவா. "பங்குனி உத்திரத்துக்கு எல்லாரும் சாஸ்தா கோயிலுக்கு வண்டி கட்டிப் போயிட்டாக, எனக்குத் தீட்டுக் கழியல, நான் மட்டும் உன்னையப் போட்டுக்கிட்டு வீட்டுல கெடந்தேன்." அப்ப பங்குனி மாசம் உத்திரத்துக்குக் கொஞ்ச நாளு முந்தி. 1947 மார்ச் கடைசி வாக்குல. ரெண்டு சொல்லையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சா எப்படிப் பொருந்துது பாத்தியா? பிரசவ ஆசுபத்திரிச் சீட்டுகூட இவ்வளவு வாய்பேசாது.

இதுலயும் நீ ஒரு கோளாறு பண்ணுனே. நான் "விய வருசம் பங்குனி"ன்னு சொன்னேன். நீ கைபேசியில தட்டிப் பாத்து, "விய வருசம்னா 1946 தாத்தா"ன்னு போட்டே. தமிழ் வருசம் சித்திரையில பொறக்கும்ல. 1946 ஏப்ரல்ல பொறந்த விய வருசம் 1947 ஏப்ரல் வரைக்கும் நடக்கும். மார்கழிப் பாதியிலேயே சனவரி வந்துரும். அப்ப அந்த மார்கழிக் கடைசி, தை, மாசி, பங்குனி எல்லாம் இங்கிலீசுல அடுத்த வருசம். பங்குனியில பொறந்தவன ஒரு வருசம் கெழவனாக்கிட்டியே பாவி. கோழி கூப்பிடுத கதை இன்னும் மோசம். அம்மா என்னையச் செவ்வாய்க்கிழமை ராத்திரி கோழி கூப்பிடையில பெத்தேம்பா. நமக்கு விடிஞ்சாத்தான் புதன். வெள்ளைக்காரனுக்கு நடுராத்திரியே புதன் வந்துட்டு. கெழமைய வச்சுத் தேதி பிடிக்கப் போனா ஒருநாள் வழுக்கும்.

நம்ம பக்கத்துல வருசப் பொறப்பு ஒண்ணா ரெண்டா? சித்திரையில தமிழ் வருசம். ஆவணியில கொல்லம் ஆண்டு. சூலையில பசலி, அது வரிக்கணக்கு. சனவரியில வெள்ளைக்காரன். நாலு மாமியா உள்ள வீடு மாதிரி, யாரு சொல்லுததக் கேக்கன்னு தெரியாம நிப்பே. பரண்ல கெடந்த கணக்கு நோட்டுல பாத்தியே, "கொல்லம் 1067 நந்தன வருசம் ஆடி மாசம் கெணறு வெட்டுன செலவு"ன்னு. கொல்லத்தோட 825 கூட்டணும். ஆவணியிலிருந்து டிசம்பர் கடைசி வரைக்கும் உள்ள தேதின்னா 824. ஆடிங்கதால 825, ஆக 1892. நந்தன வருசம் எப்பெப்ப வரும்? 1892, 1952, 2012. ரெண்டு மாமியாளும் ஒரே பேச்சு பேசுதாக, அப்ப 1892 சூலை, ஆகஸ்டுன்னு தெம்பா எழுதலாம். பசலிக்கு 590 கூட்டு, சனவரியிலிருந்து சூன் வரைன்னா 591. இதச் சுவத்துல கரியால எழுதிப்போடு, உங்க ஆச்சி திட்டுனா நான் பாத்துக்கிடுதேன். சண்டை போட்டுக்கிட்டா மட்டும் யாரு பொய் சொல்லுதான்னு பொறுமையா விசாரி. எழுதுனவன் வெத்தலைச் சாறு தெறிச்சு ஏழ ஒண்ணாக்கியிருப்பான்.

இந்த அறுபது வருசச் சுத்துதான் பெரிய வில்லங்கம். எங்க தாத்தாவோட அம்மா தாது வருசத்துல பொறந்தவன்னு வீட்டுல பேச்சு. நீ என்ன போட்டுருக்கே? 1936. அவ மகனுக்கு 1891. மகன் பொறந்து நாப்பத்தஞ்சு வருசம் கழிச்சு தாயி பொறந்திருக்கா! தாது 1876-லயும் வந்தது, 1936-லயும் வந்தது, 1996-லயும் வந்தது. பஞ்சத்தோட சேத்துச் சொன்னா அது 1876-ல தொடங்கி 1878 வரைக்கும் சனத்த வாரிக்கிட்டுப் போன தாது வருசப் பஞ்சம். அத வச்சுப் பாத்தாலும் 1876-ல பொறந்தவளுக்கு 1891-ல பதினஞ்சு வயசு. அந்தக் காலத்துல ஆகாதது இல்ல, ஆனா இறுக்கம். அப்ப மகனோட வருசத்த ரெண்டு மூணு முன்னுக்குத் தள்ளலாமோன்னு ஒரு சந்தேகம் வரணும். ஏர்ல பூட்டுன சோடி மாடு மாதிரி ஒரு தேதி இன்னொண்ணப் பிடிச்சு இழுக்கும். தனித்தனியா மேய விட்டா ரெண்டும் வேலிய முறிக்கும்.

சாதகக் கட்டம் மட்டும் கெடைச்சு, வருசம் எழுதுன ஓரம் செல்லரிச்சுப் போச்சுன்னு வையி. அதுலயும் வழி இருக்கு. சூரியன் நிக்கிற வீடு மாசத்தச் சொல்லும், சிம்மம்னா ஆவணி, துலாம்னா ஐப்பசி. சனி ஒரு சுத்து வர முப்பது வருசம் கிட்ட ஆகும், குருவுக்குப் பன்னெண்டு. ரெண்டையும் சேத்துப் பிடிச்சா வருசம் அகப்படும். ஆனா அறுபது வருசம் கழிச்சு ரெண்டு பேரும் ஏறக்கொறைய பழைய எடத்துக்கே வந்து உக்காந்துருவாக. அண்ணந்தம்பி பேசி வச்சிக்கிட்டுக் கோர்ட்டுல ஒரே வாக்குமூலம் குடுக்க மாதிரி. அப்ப காட்டிக்குடுக்கதுக்கு ஒருத்தன் இருக்கான், ராகு. அவன் பின்னால நடந்து பதினெட்டரை வருசத்துல சுத்தி வாரவன். அறுபது வருசத்துல ரெண்டு மூணு வீடு தள்ளிப் போயிருப்பான். கல்யாணத்துக்குப் பொருத்தம் பாக்கையில ராகுவ வஞ்சவுகெல்லாம் இதுக்காவது அவனுக்கு ஒரு கும்புடு போடணும். நம்ம சோசியர்கிட்ட பழைய பஞ்சாங்கம் அடுக்கா இருக்கு. ஒரு சீப்பு ஏலக்கிப் பழத்தோட போ, வெறுங்கையா போகாத.

இப்ப மனுசங்ககிட்ட கேக்கதப் பத்திச் சொல்லுதேன். நீ நேத்து பெரிய ஆச்சிகிட்ட போயி நோட்டும் பேனாவுமா உக்காந்து, "ஆச்சி, உங்க டேட் ஆப் பர்த் என்ன?"ன்னு கேட்டே. அவ, "எழுதி வச்சிட்டுத்தான் பொறந்தேன், அலமாரியில பாரு"ன்னா. வேணும் உனக்கு. கேக்க மாதிரி கேக்கணும். "ஆச்சி, நயா பைசா வந்தப்ப உங்களுக்குக் கல்யாணம் ஆயிட்டா?"ன்னு கேளு. அது 1957 ஏப்ரல் ஒண்ணு. ஒடனே மொகம் மலர்ந்து, "நான் புது மருமக, பூக்காரி கணக்குத் தெரியாதவன்னு நெனைச்சு என்கிட்ட ரெண்டு பைசா ஏமாத்துனா"ன்னு பூக்காரி பேரு மொதக்கொண்டு சொல்லுவா. "அண்ணா செத்தப்ப இடுப்புல யாரு?"ன்னு கேளு. 1969 பிப்ரவரி. "உங்க சித்தப்பன், பொட்டலம் மாதிரி"ம்பா. அப்படி ரெண்டு முளை அடிச்சிட்டா நடுவுல கயிறு கட்டிக்கிடலாம்.

ஆனா ஆச்சிமார நம்பி மோசம் போயிராத. பெரிய சம்பவம்னா எல்லாருக்கும் அதுல ஒரு பங்கு வேணும். "தனுஷ்கோடி முங்குச்சுல்லா, அன்னைக்குத்தான் எங்க கல்யாணம், பந்தல் பிச்சிக்கிட்டுப் போச்சு"ன்னு நம்ம தெருவுலயே ரெண்டு பேரு சொல்லுவாக. அந்தப் புயல் 1964 டிசம்பர் 22, 23-ல அடிச்சது. மார்கழி மாசம்ல அது. மார்கழியில எவன் முகூர்த்தக்கால் நடுவான்? பந்தல் பிச்சிக்கிட்டுப் போனது நெசமா இருக்கும், காத்து வேற காத்தா இருக்கும்.

பத்திரத்துக்கு வருவோம். தகரப் பெட்டியில இருக்கே 1931 பிப்ரவரிப் பத்திரம், ஆத்தங்கரை வயல அடமானம் வச்சது, அத நீ நெலத்துக்காகப் படிச்சே. நான் ஆளுக்காகப் படிக்கேன். மொத வரியில எங்க தாத்தா பேருக்கு முன்னால "காலஞ்சென்ற" இன்னாருடைய குமாரர்னு இருக்கு. அப்ப அவரோட அப்பன் 1931 பிப்ரவரிக்கு முந்தியே போயாச்சு. என்னைக்குன்னு தெரியாட்டி என்ன, "1931 பிப்ரவரிக்கு முன்"னு எழுதிட்டா அந்தக் கட்டம் உண்மையா நெறஞ்சிட்டு. அடுத்தது "வயது சுமார் 40". பத்திரம் எழுதுதவன் மொகத்தப் பாத்து எழுதுனது. நம்ம ஊர்ல முப்பத்தெட்டும் நாப்பது, நாப்பத்திமூணும் நாப்பது. நாப்பத்தொரு வயசுக்காரன எவனாவது பாத்திருக்கானா? வயசுல சைபரும் அஞ்சும்தான் நமக்குப் பிடிக்கும். விப்பிள்னு ஒரு அமெரிக்கக்காரன் இதுக்கே ஒரு குறியீடு போட்டு வச்சிருக்கானாம், உங்கப்பன் காலேசுல படிச்சிட்டு வந்து சொன்னான். 23-லேருந்து 62 வயசு வரைக்கும் உள்ளவுகள எடுத்து, சைபர்லயும் அஞ்சுலயும் முடியுதவுக எத்தனைன்னு எண்ணுவானாம். எல்லாரும் ஒழுங்கா வயசு சொல்லியிருந்தா 100, எல்லாருமே சைபரும் அஞ்சுமாச் சொன்னா 500. நம்ம தெருவ எண்ணியிருந்தா அவன் குறியீடு மூச்சுத் திணறியிருக்கும். அதனால "சுமார் 40"னா மேல அஞ்சு, கீழ அஞ்சு விட்டுக்குடுத்துத்தான் எழுதணும். தாது வருசத்துக்காரிய வச்சு நான் ரெண்டு மூணு தள்ளலாம்னேன்லா, அதுக்கும் இதுல எடம் இருக்கு.

பத்திரத்துக் கடைசியில, "மைனர் குமாரருக்காகவும்"னு ஒரு வார்த்தை கெடக்கு. மைனர்னா சங்கிலி போட்டு அத்தர் பூசி அலைவானே அவன் இல்லல. எங்க அய்யா. அப்ப அவருக்கு 18 முடியல. ஆக 1913 பிப்ரவரிக்குப் பிந்தித்தான் பொறந்திருக்கணும். பிந்தின்னா எவ்வளவு பிந்தி? அதுக்கு அடுக்களைக்குப் போ. உங்க ஆச்சி தவிடு போட்டு வச்சிருக்காளே அந்தப் பித்தளை அண்டா, அதத் திருப்பிக் கழுத்துப் பக்கம் புளியப் போட்டுத் தேய்ச்சுப் பாரு. உளியால தட்டுன புள்ளி புள்ளியா, எங்க அம்மா பேரோட மொத எழுத்தும், 12-6-38-ன்னும் இருக்கும். அம்மா வீட்டுச் சீர். நான் சின்னப் பிள்ளையில அந்தப் புள்ளியத் தடவித்தான் எட்டு எழுதப் படிச்சேன். வைகாசி மாசத்துக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு அப்ப இருபதுக்கும் இருபத்தஞ்சுக்கும் நடுவுல இருக்கும்னு வையி. 1913-க்கும் 1918-க்கும் நடுவுல வந்திட்டியா? "சுமார் 1915"னு எழுது. எழுதிட்டு, எதை வச்சு எழுதுனேன்னு பக்கத்துலயே எழுது. பத்திரம், அண்டா, இருபதுலேருந்து இருபத்தஞ்சுங்க என் ஊகம், மூணையும். ஊகத்த ஊகம்னு சொல்லு. இல்லாட்டி நாளைக்கு என் ஊகத்துக்கு மேல நீ ஒரு ஊகம் கட்ட, அதுக்கு மேல உன் மகன் மாடி எடுப்பான்.

அண்டாவையும் அப்படியே நம்பிராத, அதையும் சொல்லிப்புடுதேன். ஒரு வீட்டுச் சீர் இன்னொரு வீட்டுக்குக் கைமாறிப் போகும். பழைய புள்ளிய அரவிட்டுப் புதுப்பேரு வெட்டுனவுகளும் உண்டு. பேரும் தேதியும் ஒரே கை, ஒரே உளியான்னு பாரு.

தேதி கிழிஞ்சுபோன புரோநோட்டு கெடைச்சா அதுல ஒட்டியிருக்க ஸ்டாம்புல ராசா மூஞ்சியப் பாரு. மழிச்ச மொகமா இருந்தா ஆறாம் சார்ச்சு. அவரு பட்டத்துக்கு வந்ததே 1936 கடைசியில, அதனால அதுக்குப் பிந்தின நோட்டுதான். தாடி இருந்தா அதுக்கு முந்துன ராசாமாருல ஒருத்தரு. ஆனா பழைய ஸ்டாம்பக் கடைக்காரன் வச்சிருந்தும் விப்பான், அதனால தாடிய நம்பி "முன்"னு அடிச்சு எழுதாத. மழிச்ச மொகத்த நம்பி "பின்"னு எழுதலாம். கடன் வாங்குன எங்க சின்னத் தாத்தாவுக்கு ராசாவோட தாடி நல்லா ஞாபகம் இருந்தது, வட்டிதான் மறந்துபோச்சு.

கிராம முன்சீப்பு எழுதுன பொறப்பு, சாவு ஏட்டப் பத்திக் கேட்டேலா. இருக்கும், 1980-ல முன்சீப்பு, கர்ணம் எல்லாத்தையும் ஒழிச்சு, பொறவு விஏஓ வந்தப்ப ஏடெல்லாம் கைமாறிட்டு. கெடைச்சா பாக்யம். ஆனா அதுல அப்பன் பேரு இருக்கும், "ஆண்"னு இருக்கும், பிள்ளை பேரு இருக்காது. பேரு வைக்கதுக்கு முந்தியே தலையாரி போயிச் சொல்லிருவான். அந்த ஆணு நீ தேடுத ஆணான்னு எப்படித் தெரியும்? அது அவரோட அண்ணனா இருக்கலாம், செத்துப்போன தம்பியா இருக்கலாம். அதுலயும் நம்ம வழக்கம் உனக்குத் தெரியும், தாத்தா பேரப் பேரனுக்கு வைக்கது. ஒரே பேரு ஒண்ணுவிட்டு ஒண்ணு வரும். பேரு பொருந்திட்டுன்னு குதிச்சேன்னா அறுபது வருசம் தப்பா விழுவே. சாவு ஏட்டுல வயசு இருந்தா, நடப்பு வயசா முடிஞ்ச வயசான்னு கேளு. அறுபது நடக்குன்னா அம்பத்தொம்பதுதான் முடிஞ்சிருக்கு. அங்க ஒரு வருசம் ஒளிஞ்சிருக்கும்.

இவ்வளவு சொன்ன பொறவும், "அந்தக் கட்டம் ஏத்துக்காது தாத்தா"ங்க. நேத்து நீயேதானல வாசிச்சுக் காட்டுனே? வம்சாவளி எழுதுதவுகளுக்குன்னு கெட்காம்னு ஒரு முறை இருக்கு, அதுல "சுமார்"க்கு ஒரு குறி, வயசிலேருந்து கணக்குப் போட்டு எடுத்ததுக்கு ஒரு குறி, மதிப்பாப் போட்டதுக்கு ஒரு குறி, முன், பின், நடுவுல எல்லாத்துக்கும் தனித்தனிக் குறின்னு. அவன் அத்தனை குறி குடுத்திருக்கான், நீ சனவரி ஒண்ணத் தூக்கிப் போட்டுட்டுக் காப்பி குடிக்கப் போயிட்டே. கட்டம் ஏத்துக்கிடும். நீதான் சோம்பேறி.

சரி, சிரிச்சது போதும். இங்க பாரு. அண்டாவுல 1938. அண்ணன் பொறந்தது 1945 மாசி, அது எனக்குத் தெரியும். நடுவுல ஏழு வருசம். நீ ஒரே கோடா இழுத்துருக்கே. கல்யாணம் ஆன ஏழு வருசமும் எங்க அம்மாவும் அய்யாவும் தாயம் ஆடிக்கிட்டா இருந்தாக? இப்படி ஒரு இடைவெளியப் பாத்தா சும்மா கோடு இழுத்துட்டுப் போகாத, நின்னு கேக்கணும்.

மூணு பிள்ளை. தங்கல. ஒண்ணு பொறந்தன்னைக்கே, ஒண்ணு பேரு வைக்கதுக்கு மொதநாள். மூணாவது மட்டும் ஏழெட்டு மாசம் இருந்தது, பொட்டப்பிள்ளை, பல்லு மொளைச்சிருந்ததுன்னு அம்மா சொல்லுவா. ஒரு ஏட்டுலயும் இல்ல. பள்ளிக்கூடத்துல காதத் தொடல. அண்டாவுல பேரு வெட்டல. அம்மா போன பொறவு அதுகளத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்.

செத்த திதி தெரியாதவுகளுக்கெல்லாம் சேத்து ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்துல எள்ளும் தண்ணியும் விடுவோம்லா. நம்ம ஆளுகளும் தேதி தெரியாம முழிச்சவுகதான், அதுக்கும் சேத்துத்தான் அந்த ஒரு நாள வச்சிருக்காக. அய்யா என்னையக் கூட்டிட்டுப் போவாரு. தாமிரவருணியில இடுப்பளவுத் தண்ணியில நின்னு ஐயரு சொல்லச் சொல்ல அவுக அப்பன், பாட்டன் பேரெல்லாம் சொல்லி முடிச்சிட்டு, கடைசியில பேரு சொல்லாம மூணு கை தண்ணி விடுவாரு. "பச்சைப் பிள்ளைகளுக்கு இப்படி விடுத வழக்கம் இல்லையே"ன்னு ஐயரு ஒருக்கச் சொன்னாரு. "வழக்கம் இல்லாட்டி ஆறு ஏத்துக்கிடாதா சாமி?"ன்னுட்டு மூணாவது கையையும் விட்டுட்டுக் கரையேறிட்டாரு. வேட்டியப் பிழியுத வரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசல.

மூணு கட்டம் போடு. பேரு இருக்க எடம் வெறுமையா இருக்கட்டும். "1938 சூனுக்குப் பின், 1945 மாசிக்கு முன்"னு எழுது. மூணாவதுக்கு மட்டும் "பெண், பல் முளைத்திருந்தது, தாய் சொன்னது"ன்னு சேத்துக்கோ. சனவரி ஒண்ணு போட்டியோ, கைய ஒடிச்சிப்புடுவேன்.

என்ன, என் கட்டத்துக்கு என்ன போடன்னு கேக்கியா? நிறையத் தேதி இருக்குன்னு முழிக்க. பள்ளிக்கூடத்துக்கு 1946. ஆதார்ல பொறந்த வருசம் மட்டுந்தான் இருக்கு, அதுவும் பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டப் பாத்து எழுதுனது. வாக்காளர் அட்டைக்கு எழுத வந்தவரு என் நரைச்ச தலையப் பாத்துட்டு, நான் வாயத் தெறக்கதுக்கு முந்தி ஏழு வயசு கூட்டிப் போட்டுட்டாரு. திருத்தச் சொல்லலாம்னுதான் போனேன். பொறவு ரயில்ல அறுபது வயசு ஆம்பிளைக்கு டிக்கெட்டுல சலுகைன்னாக. அம்பத்திமூணு வயசுலேருந்து அந்த அட்டையக் காட்டித்தான் மெட்ராசுக்கு உங்கப்பனப் பாக்க வந்துக்கிட்டு இருந்தேன். டிக்கெட் பரிசோதகரு ஒருத்தரு, "ஐயா, வயசு தெரியவே இல்லியே"ம்பாரு. "கேப்பைக் கூழு தம்பி"ம்பேன்.

2020-ல அந்தச் சலுகைய நிறுத்திட்டாக. இனி எனக்குக் கூடுதலா ஏழு வயசு இருந்து ஒரு பிரயோசனமும் இல்ல. 1947-ன்னே போடு. மார்ச் கடைசி. முன்னால சுமார் இருக்கட்டும். அண்ணன் கட்டத்துல 1945-ன்னு மாத்து, அவனுக்கும் எனக்கும் ரெண்டு வருசம் இடைவெளி வரட்டும். எங்க அம்மா பேரு ஏட்டுல நேராகட்டும். போ, அந்த அண்டாவக் கொண்டா, புளி நான் எடுத்துட்டு வாரேன். ஆச்சி பாக்கதுக்குள்ள தவிட்டக் கொட்டிரணும்.